வயரையும் மாற்றினேன், ஸ்பீக்கரையும் மாற்றினேன், இடது பக்கம் இன்னும் மங்கல்தான்

மட்டக்களப்பு நகரை ஒட்டிய கடற்கரை ஊரொன்றில் இருந்து 63 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அரச உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சின்ன வயதில் இருந்தே பாட்டுப் பைத்தியம். கனடாவில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது நல்லதொரு அம்ப்ளிபயரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்சக் காலம் சந்தோஷமாகக் கேட்டார். பிறகு தாளத்தின் கிணுகிணுப்பும் வீணையின் மீட்டும் முன்பு போலத் துலங்கவில்லை என்று பட்டது. குறிப்பாக இடது பக்கம் மங்கல். இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி வைத்தும் இடது பக்கமே மங்கலாக இருந்தது.

இந்த நேரத்தில் கொழும்பில் இருந்து ஒலிச்சாதனத் துணைப்பொருட்கள் கொண்டுவந்து விற்கும் ஒருவர் அறிமுகமானார். முதலில் ஒரு பவர் கேபிள், 85 ஆயிரம் ரூபா. அடுத்து ஸ்பீக்கர் வயர், 1 இலட்சத்து 40 ஆயிரம். அந்த வயர் தரையில் படாமல் தாங்குவதற்கு மரக்கட்டைகள், 24 ஆயிரம். இரண்டு மாதத்துக்கு முன் ‘மின்சாரத்தைச் சுத்தப்படுத்தும் பெட்டி’, 2 இலட்சத்து 20 ஆயிரம். ஒவ்வொன்றையும் பூட்டிய அன்று தெளிவாகக் கேட்டதாம். சில கிழமையில் பழைய மாதிரி ஆகிவிட்டதாம். கேட்டால், “200 மணித்தியாலம் ஓட விட வேண்டும்”, “உங்கள் காதுக்கு இன்னும் பயிற்சி வரவில்லை” என்று பதில். இப்போது 3 இலட்சத்து 75 ஆயிரத்துக்கு வெள்ளி வயர் ஒன்று வாங்கச் சொல்கிறார். நிலையான வைப்பை உடைக்கலாமா என்று யோசிக்கிறார் வாசகர்.

ஸ்பீக்கரில் ஓர் இரைச்சலும் இருக்கிறது. அதற்குப் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிடும்படி விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி: இரவில் இடது காதில் ஒரு கூவல் கேட்கிறது. மனைவி, “கூப்பிட்டாக் கேக்குது, சொன்னதுதான் விளங்குறதில்ல இவருக்கு” என்று பிள்ளைகளிடம் முறைப்படுகிறார்.

கேள்விகள் மூன்று. வெள்ளி வயர் வாங்கலாமா? கொடுத்த காசு திரும்பக் கிடைக்குமா? “நான் ஏமாளியா?”

ஐயா, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் செய்த காரியங்களில் ஒன்று மிக நல்ல பரிசோதனை. அதன் முடிவை அரைவாசியில் விட்டதுதான் பிசகு. மற்றது, நான் காது மூக்கு தொண்டை வைத்தியன். ஆதலால் உங்கள் கடிதத்தை நான் கடைசி இரண்டு வரியில் இருந்துதான் வாசித்தேன்.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றினீர்கள். பழுது ஸ்பீக்கரில் என்றால் மங்கலும் அதோடு வலது பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே ஸ்பீக்கர் தப்பிவிட்டது. மிச்சம் இருப்பது அம்ப்ளிபயரின் இடது பக்க வெளியீடு, இடது வயர், அறையின் இடது மூலை. விற்பனையாளர் இதில் வயரைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவருடைய கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் 1 இலட்சத்து 40 ஆயிரம் கொடுத்து வயரையும் மாற்றிய பிறகு மங்கல் அசையவில்லையே! அந்த அறையில் இன்னும் சோதிக்கப்படாமல் ஒன்று கதிரையில் உட்கார்ந்திருந்தது. உங்கள் இடது காது.

இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள், ஐந்து சதமும் செலவில்லை. வழமையாகக் கேட்கும் பாட்டைப் போடுங்கள். ஸ்பீக்கர் எதையும் தொட வேண்டாம். கதிரையை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். இப்போது உங்கள் இடது கைப் பக்கம் இருப்பது மற்ற ஸ்பீக்கர். மங்கலும் உங்கள் இடது கைப் பக்கத்துக்கே வந்துவிட்டதா? அப்படியானால் அது உங்களோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது, பிரச்சினை காதில். மங்கல் பழைய ஸ்பீக்கரிலேயே, அதாவது இப்போது வலது கைப் பக்கம் நிற்கிறதா? அப்படியானால் அம்ப்ளிபயரையோ அறையையோ பார்க்க வேண்டும். கைபேசியில் பேசும்போது ஒரு முறை வலது காதிலும் ஒரு முறை இடது காதிலும் வைத்துப் பாருங்கள். ஹெட்போன் இருந்தால் இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் இனி எந்த வயர்க் கடைக்கும் போக வேண்டிய தேவை இல்லை.

காதைப் பற்றி

உங்கள் மனைவி சொன்னதை முறைப்பாடாக எடுக்காதீர்கள். எங்கள் கிளினிக்கில் நாங்கள் கேட்டு அறிய வேண்டிய குறியை அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். வயதோடு வரும் செவிமந்தம் சத்தம் முழுவதையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. மேல் சுருதியில் இருந்து தின்னத் தொடங்கும். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் இருப்பவை, அவை கேட்கும். ‘ச’, ‘த’, ‘க’ போன்ற ஒலிகளின் கூர் மேலே இருக்கிறது, அது போய்விடும். ஆகவே யாரோ கதைக்கிறார்கள் என்பது தெரியும், என்ன கதைத்தார்கள் என்பது தெரியாது. பாட்டில் இதே கதை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்தின் தாழ்ந்த ஒலி, கேட்கும், தாளத்தின் மினுக்கம் மறையும். உங்கள் கடிதத்தில் காணாமல் போனதாக எழுதிய இரண்டுமே மேல் சுருதிச் சமாச்சாரங்கள்.

உட்காதில் நத்தை வடிவான ஒரு சுருள் இருக்கிறது. அதற்குள் சுமார் 15 ஆயிரம் மயிர்க்கலங்கள். சத்தத்தை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை அவைதான். மேல் சுருதியைப் பிடிப்பவை வாசலிலேயே இருக்கின்றன, முதலில் தேய்வதும் அவைதான். செத்தது திரும்ப முளைக்காது. இளம் வயதில் 20 முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்ட காது, அறுபது தாண்டியவர் பலருக்கு 12 ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. இதற்கு எந்தப் பயிற்சியும் இல்லை. விற்பனையாளர் சொன்ன பயிற்சி முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பழகிய காது ஒரு பதிவில் உள்ள குறைகளை விரைவாகக் கண்டுபிடிக்கும். ஆனால் நரம்புக்கு ஏறாத சத்தத்தைப் பயிற்சியால் ஏற்ற முடியாது.

சரி, இது வெறும் வயதுப் பிரச்சினை என்றால் இரண்டு காதும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் குறைய வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும், அதே பக்கத்தில் கூவலும். இதைத்தான் நான் சும்மா விட மாட்டேன். காரணம் ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். காதுக்குடும்பி இறுகி அடைத்திருந்தாலே இப்படி ஆகும், ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். நடுக்காதில் நீர், செவிப்பறையில் ஓட்டை, பழைய தொற்று இருக்கலாம். அபூர்வமாகக் கேள்வி நரம்பில், அதாவது காதில் இருந்து மூளைக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் நரம்பில், மெல்ல வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி ஒன்றும் இதே முகத்தைக் காட்டும். அதனால் ஒரு பக்கச் செவிமந்தத்தையும் ஒரு பக்கக் கூவலையும் காரணம் தெரியும்வரை பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. பயப்படச் சொல்லவில்லை, தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

அதுவரை காதுக்குள் பஞ்சுக்குச்சி விட வேண்டாம். வீட்டில் காய்ச்சிய எண்ணெய் விடும் பழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்க் கெடுதி செய்யும், விட வேண்டாம். இன்னுமொன்று. என்றாவது ஒரு நாள் காலையில் எழும்பியதும் ஒரு காது திடீரென்று அடைத்துப் போனால், தானாகத் திறக்கும் என்று இருந்துவிடாதீர்கள். திடீர்ச் செவிமந்தத்துக்கு மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

வயர் எவ்வளவு சத்தத்தைத் தின்கிறது?

கல்லடிப் பாலத்துக்குக் கீழே நிலவு நாளில் வள்ளத்தில் போய்ப் பாடும் மீன் கேட்டவர்கள் உங்கள் வயதில் நிறையப் பேர் இருப்பீர்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மற்ற நுனியைக் காதோடு வைத்துத்தானே கேட்பார்கள்? அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் எழும் சத்தம் காற்றுக்கு ஏறும் இடத்தில் பெரும்பாலும் திருப்பி அடிக்கப்படும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே தப்பும். துடுப்பின் மரம் அந்த வாசலைத் தாண்டிச் சத்தத்தைக் கொண்டுவருகிறது. நம் நடுக்காதில் இருக்கும் மூன்று குட்டி எலும்புகளும் இதே சிக்கலைத்தான் தீர்க்கின்றன. காற்றில் வந்த சத்தத்தை உட்காதின் திரவத்துக்குள் இறக்குவது அவற்றின் வேலை. எங்கே சத்தம் உண்மையில் மறிபடுகிறதோ அந்த இடத்தைப் பார்த்து வழி செய்திருக்கிறது உடம்பு.

உங்கள் அறையிலும் அதையே கேட்போம். சத்தம் எங்கே மறிபடுகிறது?

பிளக் பொயிண்டுக்கு வீட்டுச் சுவருக்குள் இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை எடுத்துக்கொள்ளுங்கள். அம்ப்ளிபயரில் இருந்து ஸ்பீக்கருக்கு மூன்று மீற்றர், போக வர ஆறு மீற்றர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.04 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். இந்த வயரால் குறையும் சத்தம் சுமார் 0.04 டெசிபல். மனிதக் காதுக்கு வேறுபாடு தெரிய வேண்டும் என்றால் வழமையாக ஒரு டெசிபல் அளவு வேண்டும். மிகக் கூர்ந்து கேட்டால் அதில் பாதியோ இன்னும் கொஞ்சம் குறைவோ பிடிபடலாம். நூற்றில் நான்கு பங்கு டெசிபல் யாருக்கும் பிடிபடாது. வெள்ளி, செம்பை விட நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான் நன்றாகக் கடத்தும். செப்பு வயரைக் கொஞ்சம் தடிப்பாக எடுத்தால் அந்த ஆறும் வந்துவிடும். போதாததற்கு, ஸ்பீக்கருக்குள் இருக்கும் சுருளே தலைமயிர் போன்ற மெல்லிய வயரை மீற்றர் கணக்கில் சுற்றியது. வெளியே மூன்று மீற்றரை வெள்ளியாக்கி அதற்கு என்ன சொல்லப்போகிறோம்?

மறுபக்கம், 63 வயதுக் காதில் மேல் சுருதியில் 30, 40 டெசிபல் குறைந்திருப்பது புதுமையே இல்லை. 0.04 ஒரு பக்கம், 40 ஒரு பக்கம். நீங்கள் காசு போட்டது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

பவர் கேபிளுக்கு இவ்வளவு கணக்கும் தேவையில்லை. இங்கினியாகலை நீர்மின் நிலையத்தில் பிறந்ததோ நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் பிறந்ததோ, அந்த மின்சாரம் கம்பத்துக்குக் கம்பம் அலுமினியக் கம்பியில் தொங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறது. கடைசி ஒன்றரை மீற்றரில் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. உள்ளே போனதும் அம்ப்ளிபயரே அதை நேர்மின்னோட்டமாக மாற்றி வடிகட்டித்தான் பாவிக்கிறது. மரக்கட்டைகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை, வயரின் மேல் தும்புத்தடி போகும்போது இடையூறாக இருக்கும் என்பதைத் தவிர.

சுத்தப்படுத்தும் பெட்டியில் ஒரு நியாயம் இருக்கலாம். நம் பகுதியில் இடி மின்னல் காலத்தில் மின்சாரம் ஏறி இறங்கிச் சாமான்கள் கருகுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் பெட்டியில் மின்னெழுச்சிப் பாதுகாப்பு இருந்தால் அது அம்ப்ளிபயரைக் காப்பாற்றலாம். ஆனால் அதே பாதுகாப்பைச் சாதாரண மின்சாரக் கடையில் இதன் விலையில் சின்னஞ்சிறு பங்குக்கு வாங்கலாம். இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வைப்பது அதைவிட நிச்சயம், அது இலவசம். பாட்டு இனிமையாகும் என்பது மட்டும் வேறு கதை.

அப்படியானால் பூட்டிய அன்று தெளிவாகக் கேட்டதே?

கேட்டிருக்கும். நீங்கள் பொய் சொல்லவில்லை, விற்பனையாளரும் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. இதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, உண்மையான திருத்தம். கடற்கரையில் இருக்கிறீர்கள். உப்புக் காற்றில் செப்பு வயரின் நுனி பச்சை பிடிக்கும், திருகு தளரும். பழைய வயரைக் கழற்றிப் புதியதை இறுக்கிப் பூட்டிய அந்தச் செயலே சத்தத்தைச் சரியாக்கியிருக்கலாம். பழைய வயரை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் நுனியைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி, இறுக்கிப் பூட்டுங்கள். கடலோரத்தில் வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

இரண்டு, சத்தத்தின் அளவு. வயரைக் கழற்றும்போது அம்ப்ளிபயரை நிறுத்தி, பிறகு போட்டு, குமிழைத் திருப்பியிருப்பீர்கள். ஒரு டெசிபல் கூடினால் நமக்கு அது ‘சத்தம் கூட’ என்று தெரியாது, ‘தெளிவு கூட’ என்றுதான் தெரியும். பழைய வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரிந்த வித்தை.

மூன்றாவது எனக்கு மிகவும் பழக்கமானது. குளிசை தந்தால் முகம் வாடி, ஊசி போட்டால்தான் மருந்து என்று நம்பும் நோயாளிகளை இங்கே வேலை செய்யும் எந்த வைத்தியரும் அறிவார். ஊசியில் என்ன இருந்தாலும் அவர்களுக்குச் சுகம் தெரியும். அது நடிப்பில்லை. எதிர்பார்ப்பு மூளையில் உண்மையாக வேலை செய்கிறது. 85 ஆயிரம் கொடுத்துவிட்டுக் கேட்கும் காது, அந்த 85 ஆயிரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். கொஞ்ச நாளில் அந்தப் புதுமை ஆறிவிடும், பழையபடி மங்கும். 200 மணித்தியாலக் கதை இங்கேதான் உதவுகிறது. ஸ்பீக்கரின் அசையும் பாகங்கள் ஆரம்பத்தில் சற்று இளகுவது உண்டு. செப்பு வயர் இளகுவதில்லை. அந்த 200 மணித்தியாலத்தில் பழகுவது கேட்பவரின் மனம்தான். திருப்பிக் கொடுக்கும் தவணையும் அதற்குள் முடிந்துவிடும்.

மருந்தை நாங்கள் எப்படிச் சோதிக்கிறோம்? எது மருந்து, எது மாவு என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. ஒலித்துறையிலும் இதையே செய்திருக்கிறார்கள். 1983 இல் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவியூ’ சஞ்சிகை ஸ்பீக்கர் வயர்களை இப்படி மறைத்துச் சோதித்தது. போதிய தடிப்புள்ள சாதாரண வயரையும் விலை கூடிய வயரையும் பாட்டு ஓடும்போது நம்பத்தக்க விதத்தில் பிரித்தறிய முடியவில்லை. 1994 இல் ஃபுளொய்ட் டூல், ஷோன் ஒலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 40 பேரை ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தும் திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்கச் செய்தார்கள். கண் திறந்திருந்தபோது கொடுத்த புள்ளி ஒன்று, திரை விழுந்த பிறகு வந்த புள்ளி வேறொன்று. அப்படிக் கேட்டவர்கள் ஒலிச்சாதன நிறுவனமொன்றில் வேலை செய்தவர்கள், பாமரர் இல்லை. 2007 இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரர், 7,250 டொலர் விலையுள்ள ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரில் இருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து இலட்சம் டொலர் தருவதாக அறிவித்தார். வயர் நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை நடக்கவேயில்லை.

இதைக் காசு இல்லாமல் வீட்டிலும் செய்யலாம். பேரப்பிள்ளையையோ மருமகனையோ கூப்பிடுங்கள். நீங்கள் வெளியே இருக்கும்போது அவர் நாணயம் சுண்டட்டும். தலை விழுந்தால் புது வயர், பூ விழுந்தால் நுனி வெட்டிய பழைய வயர். இரண்டும் கண்ணில் படாமல் ஒரு சீலையால் மூடி வைக்கட்டும். சத்தக் குமிழைத் தொடக் கூடாது. வயரைப் பூட்டியவர் வெளியே போய்விட வேண்டும், முகம் காட்டிக் கொடுத்துவிடும். நீங்கள் உள்ளே வந்து கேட்டு, எது என்று துண்டில் எழுதுங்கள். பத்துத் தடவை. ஐந்து சரி வந்தால் அது நாணயத்துக்கே தெரிந்த அறிவு. ஒன்பதோ பத்தோ சரி வந்தால் பாராட்டுகள், குருட்டு அதிர்ஷ்டத்தில் அப்படி வருவது நூற்றுக்கு ஒன்றுதான். வெள்ளி வயருக்கும் விற்பனையாளரிடம் இதே நிபந்தனையைச் சொல்லிப் பாருங்கள்: “ஒரு கிழமைக்குத் தாருங்கள், மறைத்து வைத்துக் கேட்டு ஒன்பது சரி வந்தால் வாங்குகிறேன்.” அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

எர்த்தைக் கழற்ற வேண்டாம்

கடிதத்தில் என்னை உண்மையாகத் திடுக்கிட வைத்தது இதுதான். நான்கு இலட்சத்து 69 ஆயிரம் போனது காசு. எர்த் போனால் உயிர். அம்ப்ளிபயருக்குள் ஏதாவது வயர் கழன்று இரும்புப் பெட்டியில் பட்டால், மின்சாரம் நிலத்துக்குள் இறங்கும் பாதை அந்த எர்த்தான். அது இல்லாவிட்டால், குமிழைத் திருப்பக் கை வைக்கும் ஆளே பாதை. கழற்றியிருந்தால் இன்றைக்கே ஒரு மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

இரைச்சல் பெரும்பாலும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கும் இரண்டு சாதனங்களை வயரால் இணைப்பதால் வருவது. டிவியையும் அம்ப்ளிபயரையும் இணைத்திருக்கிறீர்களா? டிஷ் அன்ரனா வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் திருடன் அகப்பட்டான். எல்லாச் சாதனங்களையும் ஒரே பிளக் பொயிண்டில் இருந்து எடுத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அந்த வயருக்கு இடையில் போடும் ஐசொலேட்டர், அதாவது இரண்டு சாதனங்களின் எர்த்தையும் பிரித்து வைக்கும் சின்னச் சாதனம், ஒன்று போதும், அதற்கு வைப்பை உடைக்க வேண்டியதில்லை.

காசைத் திரும்பக் கேட்பது

சட்டம் என் துறை இல்லை. தெரிந்த அளவில் வழி காட்டுகிறேன், ஒரு சட்டத்தரணியிடமும் கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. இல்லாத பயனை இருப்பதாகச் சொல்வதும் அதில் அடங்கும். சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் என்றால், விசாரித்துக் காசைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரமும் அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பவர் கேபிளுக்கும் ஸ்பீக்கர் வயருக்கும் அந்தக் காலம் கடந்துவிட்டது என்று கடிதத்தில் இருந்து தெரிகிறது. பெட்டிக்கு இன்னும் இருக்கிறது.

நீங்கள் நினைப்பது போலப் “பாட்டு இனிமையாகவில்லை” என்று எழுதினால் முறைப்பாடு நிற்காது. இனிமை அவரவர் காது. அளக்கக்கூடியதாக அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று தேடுங்கள். ‘இரைச்சல் நின்றுவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இரைச்சல் நிற்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் பலமான துரும்பு அதுதான். பற்றுச்சீட்டு தரவில்லை என்றால் இப்போதே கேளுங்கள். வங்கியில் காசு அனுப்பிய சீட்டையும் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் அவருக்கே மரியாதையாக எழுதி, பெட்டியைத் திருப்பி எடுக்கும்படி கேட்டு, ஒரு கிழமை தவணை கொடுங்கள். பெரும்பாலானவர்கள் எழுத்தைக் கண்டால் இறங்கி வருவார்கள். வராவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, எங்கே எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். மற்றவற்றுக்குப் போன காசு போனதுதான் என்று வைத்துக்கொள்வது மனதுக்கு நல்லது. போனதை மீட்கிறேன் என்று மேலும் 3 இலட்சத்து 75 ஆயிரம் போடுவதுதான் ஆபத்து.

பாட்டுக்கு என்ன செய்யலாம்?

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் அறையில் செலவழியுங்கள். ஓடு பதித்த நிலம், வெறும் சுவர், கண்ணாடி யன்னல் உள்ள விறாந்தையில் எந்தப் பாட்டும் எதிரொலித்துக் கலங்கும். தரையில் தடிப்பான விரிப்பு, யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறியில் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலுமாரி. இவ்வளவு செய்தாலே எந்த வயரும் தராத வித்தியாசம் தெரியும், கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு பாட்டுக் கேட்டுப் பாருங்கள். மெல்லிய ஒலிகளை எல்லாம் அந்தக் காற்றுச் சத்தம்தான் மூடிக்கொண்டிருக்கும். புழுக்கத்தில் இது கொஞ்சம் அதிகப்படியான யோசனை என்பது எனக்கும் தெரியும்.

துலங்கவில்லை என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்பது வேலைத்தளங்களுக்கு வைத்திருக்கும் எல்லை. மூன்று டெசிபல் ஏற ஏற, பாதுகாப்பான நேரம் பாதியாகும். மிச்சமிருக்கும் மயிர்க்கலங்களையும் பாட்டுக்காகவே இழந்துவிடக் கூடாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். காதைப் பார்த்து, அடைப்பு இருந்தால் எடுத்து, கேள்விச் சோதனை செய்வார்கள். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடுகளை இரண்டு காதுக்கும் ஒரே தாளில் கீறித் தருவார்கள். அதில் இடது கோடு வலது கோட்டை விட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்தது ஸ்கான் தேவையா, கேள்விக் கருவி தேவையா என்று சொல்ல முடியும். கருவி என்றதும் முகம் சுழிக்க வேண்டாம். இப்போதைய கருவிகளில் பேச்சுக்கு ஓர் அமைப்பு, இசைக்கு வேறோர் அமைப்பு வைத்துக்கொள்ளலாம். பொருத்தும் இடத்தில் நீங்கள் பாட்டுக் கேட்பவர் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்காமல் அதைச் செய்து தர மாட்டார்கள்.

போகும்போது நீங்கள் பாவிக்கும் மருந்துகளின் துண்டைக் கொண்டு போங்கள். நீரிழிவு இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை, இருந்தால் சொல்லுங்கள், அதுவும் காதின் கேட்கும் திறனைத் தாக்கும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போதில் இருந்து விளங்காமல் போனது என்ற கேள்விக்கு உங்களை விட அவர்தான் சரியாகப் பதில் சொல்வார். பெட்டியின் முறைப்பாட்டுக் கடிதத்தை மட்டும் கிளினிக் முடியட்டும் என்று வைத்திருக்காமல் இந்தக் கிழமையே அனுப்பிவிடுங்கள், அதற்குத்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது.